குழந்தையைக் காப்பாற்றிய கொலைக் கதை!

சாகக் கிடந்த ஒரு குழந்தையின் உயிரைக் கொலைக் கதை ஒன்று காப்பாற்றி இருக்கிறது!

இது கற்பனை அல்ல. 1977-ம் ஆண்டு லண்டனில் நடந்தது.

கத்தார் நாட்டில் இருந்து ஒரு பெண் குழந்தையை ஆகாய விமானத்தில் லண்டனுக்குக் கொண்டு வந்தார்கள். வயது 19 மாதம். ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைக்குச் சரியாக நினைவு இல்லை. மூச்சுவிடத் திணறியது. என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. சோதனை மேல் சோதனை செய்தும் பிடி கிடைக்கவில்லை.

அங்கே வேலை பார்த்த நர்சு ஒருவர், அப்போது ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டு இருந்தார். அகதா கிறிஸ்டி 1961-ல் எழுதிய "தி பேல் ஹார்ஸ்". "வெளிறிய குதிரை" என்று பொருள். அந்தக் கதையில் பலர், வெவ்வேறு நோய் கண்டவர்கள் போலச் சாகிறார்கள். ஆனால் ஓர் அடையாளம் மட்டும் பொது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது!

இந்தக் குழந்தைக்கும் முடி உதிரத் தொடங்கி இருந்தது.

தாலியம் என்ற விஷமாக இருக்கலாம் என்று நர்சு சொன்னார். கதைப் புத்தகத்தைப் பார்த்து வைத்தியமா என்று டாக்டர்கள் சிரிக்கவில்லை. அது அவர்களுடைய பெருமை. ஸ்காட்லண்டு யார்டு போலீசாரின் உதவியுடன் சோதித்தார்கள். நர்சு சொன்னது சரி!

யாரும் குழந்தைக்கு விஷம் வைக்கவில்லை. கரப்பான், எலித் தொல்லைக்காக வீட்டில் போட்ட மருந்தில் தாலியம் இருந்தது. அதுதான் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விட்டது.

பச்சைக் கோடு

தாலியம் ஓர் உலோகம். ஈயம் போல மெத்தென்று இருக்கும். 1861-ல் வில்லியம் குரூக்ஸ் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்தார். அதைச் சூடாக்கி, ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவியால் பார்த்தபோது பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. அதனால், பச்சைத் தளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு பெயர் வைத்தார். பெயர் தளிர், செய்வதோ உயிரைக் கருக்கும் வேலை!

தாலியம் உப்புக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. நம் உடம்புக்குப் பொட்டாசியம் என்ற சத்து வேண்டும். இளநீரிலும் வாழைப்பழத்திலும் அது உண்டு. தாலியம், பொட்டாசியம் போல வேஷம் போடும். உடம்பு ஏமாந்து, நரம்புக்குள்ளும் தசைக்குள்ளும் அதை விட்டுவிடும். வாந்தி, வயிற்று வலி, கால் எரிச்சல் என்று தொடங்கும்போது வேறு நோய் என்றே தோன்றும். முடி கொட்டுவது இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான்.

இதற்கு மாற்று மருந்து என்ன தெரியுமா? ஓவியர்கள் தீட்டும் நீலச் சாயம்! "பிரஷ்ய நீலம்" என்று பெயர். அது குடலில் தாலியத்தைப் பிடித்துக்கொண்டு, மலத்தோடு வெளியே போய்விடும்.

பையில் விஷம்!

அகதாவுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? முதல் உலகப் போரின்போது அவர் நர்சாக இருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். 1917-ல் அதற்கான பரீட்சையில் தேறினார். அவருக்குப் பாடம் சொல்லித் தந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர், "குராரே" என்ற கொடிய விஷத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பாராம்! அந்த ஆசாமியை அகதா மறக்கவே இல்லை. "வெளிறிய குதிரை"யை எழுதும்போது அவர் நினைவுதான் வந்தது.

1920-ல் வந்த முதல் நாவலிலேயே, எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷத்தை வைத்துக் கதை பின்னினார். எப்படி என்று இங்கே சொல்லமாட்டேன். படிக்கப் போகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்!

இப்படி எழுதினால் கொலைகாரர்களுக்குப் பாடம் ஆகாதா? அந்தக் கேள்வியும் எழுந்தது. 1971-ல் கிரகாம் யங் என்பவன், தன்னோடு வேலை செய்தவர்களுக்குத் தேநீரில் விஷம் கலந்து கொடுத்தான். இரண்டு பேர் இறந்தார்கள். அவன் பயன்படுத்தியதும் தாலியம்தான். ஆனால் அவன் 14 வயதிலேயே, 1962-ல், சொந்தக் குடும்பத்துக்கு விஷம் வைத்துப் பிடிபட்டவன். அவனுக்கு நாவலாசிரியை எதற்கு?

கத்தார் குழந்தை பிழைத்தது. தேறி வீடு திரும்பியது. டாக்டர்கள் அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். முடிவில் இருவருக்கு நன்றி கூறினார்கள். ஒருவர், நாவல் படித்த நர்சு. மற்றவர், அகதா கிறிஸ்டி.

அகதா அதைப் படிக்கவில்லை. 1976 ஜனவரி 12-ந் தேதி, 85-வது வயதில் அவர் காலமாகிவிட்டார்.