போதையிலிருந்து மீள மருந்து: கண்டியில் பண உதவி எங்கே கிடைக்கும்?

கலஹா, தெல்தோட்டை பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றில் ஒருவர் ‘இனிக் குடிக்க மாட்டேன், மருந்து எடுக்கிறேன்’ என்று இறங்கி வந்தால், வீட்டார் முதலில் போடுவது பணக் கணக்கு. கண்டி டவுனில் ஒரு டொக்டரைச் செனல் பண்ண வேண்டும், மருந்து வாங்க வேண்டும், திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தோட்ட வருமானத்தில் இந்தச் செலவைத் தாங்க முடியாமல் பல குடும்பங்கள் பாதியிலேயே கைவிடுகின்றன. நகைகளை அடகு வைத்துத் தொடங்குவோரும் உண்டு.

கடன் வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் போதைச் சிகிச்சைக்கான பெரிய பண உதவி, அரச வைத்தியசாலையின் இலவச மருந்துதான். தனி நிதியத்தைத் தேடி அலைவதைவிட அந்த வரிசையில் பெயரைப் பதிவதே முதல் வேலை.

எங்கே போவது?

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. குடி, ஹெரோயின், ஐஸ் என எதற்கு அடிமையானவரையும் அங்கே காட்டலாம். நேரே வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். தூரத்தில் இருப்போர் கம்பளை, நாவலப்பிட்டி போன்ற அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய்க் கடிதம் பெற்று வரலாம். வைத்தியரைப் பார்ப்பதற்கோ, வாட்டில் தங்குவதற்கோ, அங்கே கொடுக்கும் மருந்துக்கோ பணம் கேட்க மாட்டார்கள்.

1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கும் கண்டியில் ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. தங்கிச் சிகிச்சை பெற விரும்புவோர் 1927 என்ற இலக்கத்தை அழைத்து இடம், காலம், ஏற்பாடுகள் பற்றிக் கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

‘பெயரைக் கொடுத்தால் பொலிஸ் வருமோ’ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. சிகிச்சை கேட்டு வருவது குற்றமல்ல. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெறவும் வழி வைத்திருக்கிறது.

எதற்கு மருந்து உண்டு, எதற்கு இல்லை?

இது தெரியாததால்தான் ஏழைக் குடும்பங்களின் பணம் அதிகம் வீணாகிறது.

நாள்தோறும் கசிப்போ சாராயமோ குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்கள் வைத்தியரின் கண்காணிப்பில் டயசிபாம் வகை மருந்தும் தயமின் எனும் பி1 விட்டமினும் கொடுக்கப்படுகின்றன. இரண்டும் விலை குறைந்த பழைய மருந்துகள். அதற்குப் பின் குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்றவை உள்ளன. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. டைசல்ஃபிராம் என்ற மருந்தை எடுப்பவர் குடித்தால் உடம்பு கடுமையாக எதிர்க்கும். அதனால் அவர் அறியாமல் அதைக் கொடுப்பது உயிராபத்து. ‘சோற்றில் கலந்து கொடுங்கள், குடி தானாக நின்றுவிடும்’ என்று விற்கப்படும் தூள்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

ஹெரோயினுக்கு, அதாவது குடுவுக்கு, மெதடோன், பியூப்ரநோர்ஃபின் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே அத்தியாவசியப் பட்டியலில் வைத்தது. ஆனால் இலங்கையில் இந்த மாற்று மருந்துச் சிகிச்சை பரவலாக வேரூன்றவில்லை. விலகல் கால வேதனைக்கு மருந்து, உளவளத்துணை, தங்கிப் பெறும் மறுவாழ்வு என்பதே இங்குள்ள வழமை.

ஐஸ் பழக்கத்தை நிறுத்தும் அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை உலகில் எங்கும் இல்லை. அதனால் வரும் சந்தேக நோய், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருந்து உண்டு. பழக்கத்தை மாற்றுவது உளவளத்துணைதான். ‘ஐஸுக்கு ஊசி இருக்கிறது’ என்று பெருந்தொகை கேட்பவரை நம்ப வேண்டாம்.

‘வெளியில் வாங்குங்கள்’ என்று துண்டு எழுதித் தந்தால்?

இலவச மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைக்க நேர்ந்தது. கையிருப்பு இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். வெளித் துண்டு கையில் வந்தால் கிளினிக்கிலேயே மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, இதே பயன் தரும் வேறு மருந்து வைத்தியசாலையில் இருக்கிறதா? இரண்டு, வேறு அரச வைத்தியசாலையில் கிடைக்குமா, அல்லது வைத்தியசாலை நிர்வாகம் உள்ளூர்க் கொள்வனவில் வாங்கித் தர முடியுமா? மூன்று, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தர முடியுமா?

பொதுப்பெயரில் எழுதிய துண்டு இருந்தால், விலை குறைந்த தயாரிப்பைக் கேட்டு வாங்கலாம். முதலில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக்கடையில் விலை கேளுங்கள். அக்கூட்டுத்தாபனத்தை 1971இல் உருவாக்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர். வர்த்தகப் பெயருக்காக ஏழை கூடுதல் விலை கொடுக்கக் கூடாது என்பதே அவர் கொள்கை. மொத்தமாக வாங்கப் பணமில்லையென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கலாம். பணம் மிச்சம் பிடிப்பதற்காக வைத்தியர் சொன்ன அளவைக் குறைப்பதும், நாள் விட்டு நாள் எடுப்பதும் கூடாது.

கையில் பணமாகக் கிடைக்கும் உதவி

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும எனும் அரச நலன்புரிக் கொடுப்பனவு நோயைப் பார்த்தல்ல, குடும்பத்தின் வறுமையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாயாகவும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாயாகவும் கொடுப்பனவு உயர்ந்தது. உழைப்பவர் சிகிச்சைக்காக வேலையை விட்டிருந்தால், அந்த நிலைமையைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எடுத்துச் சொல்லுங்கள். செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பி, வைத்தியரின் கடிதம், வெளியில் வாங்கிய மருந்தின் பில் மூன்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள்.

ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் அது இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, ஈரல் மாற்று, புற்றுநோய் போன்ற பெருஞ்செலவுகளுக்கானது. மாதாந்த மாத்திரைச் செலவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

கோயில் சபை, பள்ளிவாசலின் ஜக்காத் நிதி, தேவாலயம், தோட்டத் தொழிற்சங்கம் ஆகியவற்றிடமும் கேட்கலாம். காசாகக் கேட்பதைவிட, மருந்துக்கடையில் நேரே பில்லைக் கட்டும்படியோ பஸ் கட்டணத்தைப் பொறுப்பேற்கும்படியோ கேட்பது நல்லது. உதவுவோருக்கும் நம்பிக்கை வரும், மீள முயல்பவரின் கையில் காசு புரள்வதும் தவிர்க்கப்படும்.

இன்னும் இல்லாத உதவி

மருந்து இலவசமானாலும் ஒரு செலவு மிஞ்சுகிறது. கிளினிக்குக்குப் போகும் நாளில் தொழிலாளிக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடைக்காது. கூடவரும் மனைவிக்கும் அன்றைய பேர் இல்லை. அதற்கு மேல் மலையிறங்கி ஏறும் பஸ் காசு. சிகிச்சையின் நடுவில் பலர் நின்றுபோக இந்த இழப்பே போதும். சிறுநீரக நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்கும் அரசு, போதையிலிருந்து மீள்வோருக்கு கிளினிக் போய்வரும் செலவையேனும் வழங்க வேண்டும். ஈரல் கெட்ட பிறகு பெருந்தொகை செலவழிப்பதைவிட அதற்கு முன் சில ஆயிரம் கொடுப்பது நாட்டுக்கும் இலாபம். மலையக மக்கள் பிரதிநிதிகளும் மத்திய மாகாண சபை நிர்வாகமும் இதைக் கையிலெடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் கிளினிக் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு கொடுக்க முன்வர வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். போதைக்கு அடிமையாவது நோய். நோயாளிக்கு அரச வைத்தியசாலையில் இடமும் மருந்தும் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் இன்று ‘விட்டுவிடுகிறேன்’ என்றால், இன்றைக்கே 1927ஐ அழையுங்கள், நாளைக் காலையில் அவருடன் வைத்தியசாலைக்குப் போங்கள்.