மழை பெய்த மறுநாளே புற்றில் காளான் முளைப்பது ஏன்? எப்படி?

மாரி மழை தொடங்கியதும் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் விடியற்காலையில் கறையான் புற்றடியைப் பாருங்கள். நேற்று வெறும் மண். இன்று வெள்ளைக் குடைகள். ஒரே இரவில் எங்கிருந்து வந்தன?

அவற்றின் பூஞ்சை முன்பே உள்ளே இருந்தது. இந்தக் கறையான்களுக்கு மரத்தைத் தனியாகச் செரிப்பது கடினம். நாம் அப்பத்துக்கு மாவைப் புளிக்கவைக்கிறோமே, அதுபோல மென்ற சருகையும் மரத்தையும் கடற்பஞ்சு போன்ற அடையாக்கி, அதில் பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை இளக்கிக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. பேராதனையில் பணியாற்றிய டொம் பெட்ச் 1906இலேயே இதை விரிவாக எழுதினார்.

மழை ஈரம் இறங்கியதும் அடையிலிருந்து வேர்போன்ற நீண்ட காம்பு மேலேறுகிறது. குடையின் உச்சியைத் தொட்டுப் பாருங்கள்: கெட்டியான கூர்முனை. மண்ணைத் துளைப்பது அதுதான். மொட்டுக்குள் செல்கள் முன்பே தயார். ஊறப்போட்ட கடலைபோல தண்ணீர் குடித்து உப்புகின்றன. அதனால்தான் அந்த வேகம்.

புற்றுக்காளான் சாறு உடம்புக்குத் தெம்பு என்பார்கள். அதில் புரதம் உண்டு. ஆனால் இனம் தெரிந்தவர் கூட இல்லாமல் தயவுசெய்து பறிக்காதீர்கள். நஞ்சென்றால் வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்பது பொய். சில காளான்களின் நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது.