கைக்குள் ஓர் எழுத்து மேஜை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் மரக்காணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வானத்தை அப்படியே தரையில் விரித்தாற்போல் உப்புப் பாத்திகள். அவற்றின் கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்களுக்கோ அந்த வெண்மை கண்ணைக் கூச வைக்கும் உழைப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் உப்பு விளையாது, கூலியும் இராது. அந்த மாதங்களுக்கு ஈடாக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. அத்தகைய வீட்டுப் பெண் ஒருத்தி கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கு எங்கே போவாள்? வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி!

பட்டணத்து வீடுகளிலும் இந்தச் சங்கடம் இல்லாமல் இல்லை. 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடமெல்லாம் கைப்பேசிக்கே வந்தது. கணினி இருந்த வீட்டிலும் அது ஆபீஸ் வேலைக்குப் போயிற்று. அம்மாவின் கைப்பேசிதான் குழந்தைக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ஆனால் ஒரு விஷயம், சகோதரிகளே! பாடம் கேட்பதற்கு மட்டுமல்ல, உட்கார்ந்து எழுதுவதற்கும் அந்தக் கைப்பேசி போதும்.

"தினமும்தான் செய்தி எழுதி அனுப்புகிறோமே!" என்பீர்கள். அது வாசற்படியில் நின்று பேசுகிற பேச்சு. அடுத்த நாள் தேடினால் அகப்படாது. மேஜைக் கணினியில் எழுதுவது வேறு. பக்கம் முழுவதும் கண்முன் இருக்கும். ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். ஒரு பெயரை நூறு இடத்தில் ஒரே தடவையில் மாற்றலாம். கோப்பாகச் சேமித்து வைக்கலாம். இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு உரைதிருத்தி என்று பெயர். அது இப்போது கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

கணினிப் பாடம் படிக்கும் பெண்ணுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'டெர்மக்ஸ்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. 'எஃப்-டிராய்டு' என்னும் தளத்திலிருந்து அதை இறக்கிக்கொள்ளலாம். கறுப்புத் திரை ஒன்று வரும், பயப்பட வேண்டாம். அதற்குள் 'விம்' என்ற பழம்பெரும் உரைதிருத்தியை நிறுவிக்கொள்ளலாம்.

இதன் மூதாதையான 'வி.ஐ.'யை 1976-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் எழுதினார். அன்றைய கணினித் தொடர்பு நத்தை வேகம். ஆகையால் கட்டளைகளை ஓரெழுத்து, ஈரெழுத்தில் சுருக்கி வைத்தார். 'ஐ' என்று தட்டினால் எழுதலாம். 'எஸ்கேப்' தட்டினால் எழுதுவது நின்று, திருத்துவது தொடங்கும். அப்போது 'டீ'யை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி மறையும். 'யூ' தட்டினால் அழித்தது திரும்பி வரும். அன்றைக்கு மெதுவான கம்பிக்காகச் செய்த சிக்கனம் இன்றைக்குச் சின்னத் திரைக்கு எத்தனை பொருத்தம், பாருங்கள்!

கைப்பேசி விசைப்பலகையில் 'எஸ்கேப்' எங்கே என்கிறீர்களா? டெர்மக்ஸே அதையும் 'கன்ட்ரோல்', அம்புக்குறி முதலியவற்றையும் திரையின் அடியில் ஒரு வரிசையாக வைத்திருக்கிறது. ஒலியைக் குறைக்கும் பொத்தானும் 'கன்ட்ரோல்' வேலையைச் செய்யும். விரல் வலித்தால், ஓ.டி.ஜி. என்னும் சிறு இணைப்பானை வாங்கிச் சாதாரணக் கணினி விசைப்பலகையையே செருகிவிடலாம்.

விம்மை 1991-ல் வெளியிட்டவர் நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார். 1994-ல் உகாண்டா நாட்டின் கிபாலே கிராமத்துக் குழந்தைகள் மையத்தில் தொண்டு செய்துவிட்டு வந்தவர் அவர். தம் மென்பொருளுக்கு விலை வைக்கவில்லை. 'முடிந்தால் அந்த ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்' என்பதே அவர் கேட்ட கட்டணம். 2023-ல் அவர் காலமானார். விம்மைத் திறந்தால் முதல் திரையிலேயே உகாண்டாக் குழந்தைகளைப் பற்றிய வேண்டுகோள் தென்படுவதுண்டு.

தமிழ் எழுதுவதற்கு மட்டும் அந்தக் கறுப்புத் திரை அவ்வளவு சரிப்படாது. கட்டம் கட்டமாக எழுத்தை வைப்பதால் நம் கொம்பும் காலும் ஒட்டாமல் போவதுண்டு. கடிதம், சமையல் குறிப்பு, வீட்டுக் கணக்கு எழுத 'மார்க்கர்' என்ற இலவச உரைதிருத்தி சௌகரியமானது. இணையத் தொடர்பு இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

தமிழைத் தட்டுவது கஷ்டம் என்று நினைக்காதீர்கள். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வந்த 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு, 'அம்மா' வந்துவிடுவாள்! மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி, 2005 முதல் கைப்பேசிகளில் வழங்கி வரும் 'செல்லினம்' செயலியிலும் இந்த முறை உண்டு.

இப்படி எழுதிய கோப்பு வெறும் எழுத்து மட்டுமே. கல் உப்பு மாதிரி! எந்த அடுப்பானாலும் எந்தப் பாத்திரமானாலும் உப்பு கரைகிறதல்லவா? அதுபோல எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். இடமும் அடைக்காது. மூன்று மெகாபைட் புகைப்படம் ஒன்று பிடிக்கும் இடத்தில் சுமார் 10 லட்சம் தமிழ்க் குறிகளை எழுதி வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: டெர்மக்ஸ் செயலியை நீக்கினால் அதற்குள் வைத்த கோப்புகளும் போய்விடும். வாரம் ஒரு முறையாவது வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். உப்பைக் கூடக் குவித்ததும் கீற்றுப் போட்டு மூடுகிறார்களே!

மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் 'விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு' கிராமப்புற மாணவர்களுக்கு இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத் தருகிறது. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். பின்னே என்னதான் குறை?

நேரம்தான். வீட்டில் ஒரே கைப்பேசி என்றால் அது முதலில் அப்பாவுக்கு, அப்புறம் அண்ணனுக்கு, எல்லாரும் தூங்கிய பிறகே பெண்ணுக்கு. பெட்டியில் பாட்டரியும் தீர்ந்திருக்கும்; அவள் கண்ணிலும் தூக்கம் நிறைந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி நடக்க விடாதீர்கள். சாயந்திரம் ஒரு மணி நேரம், "இது அவளுடைய எழுத்து மேஜை, யாரும் தொடக் கூடாது" என்று ஒரு சட்டம் போடுங்கள். வீட்டில் சட்டம் போடும் அதிகாரம் உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?