வெறுங்காடு என்று நினைத்து அவிழ்த்துவிடாதீர்கள்!

சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்கா நரியைப் பிடித்துவந்து, ஊரார் பார்க்க ஓடவிட்டு, பிறகு காட்டிலேயே கொண்டுபோய் விடுகிற வழக்கம் உண்டு. 'வங்கா நரி ஜல்லிக்கட்டு' என்று பெயர். நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. நரி பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் வனத்துறை தடுத்தும் அபராதம் விதித்தும் வருகிறது.

ஊரே வலையோடு அலைந்து தேடுகிற அந்த நரியை, நகரத்து அபார்ட்மென்ட்டில் சோபாமீது தூங்கும் ஐந்தாறு கிலோ எடையுள்ள நாய் ஒன்று மோப்பத்தாலேயே கண்டுபிடித்துவிடும். ஜாக் ரஸ்ஸல் டெரியர் அந்த வேலைக்கென்றே உருவான இனம். 'பாவம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஊருக்கு வெளியே கூட்டிப்போய்ச் சங்கிலியைக் கழற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

நரி வளைக்கு அளவெடுத்த உடம்பு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸல் நரி வேட்டைப் பிரியர். வளைக்குள் புகுந்துகொண்ட நரியை வெளியே விரட்ட அவருக்குச் சின்ன நாய் தேவைப்பட்டது. இன்றும் இந்த இனத்தின் உயரம் 25 முதல் 30 செ.மீ.தான். மார்பை இரண்டு கைகளுக்குள் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும் என்பது இனத்துக்கான விதிகளில் ஒன்று. வளையில் நுழைய வேண்டுமே!

மண்ணுக்கடியில் எஜமானின் குரல் எட்டாது. முன்னேறுவதா, நிற்பதா, குரைப்பதா என்று நாயே முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்த நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கினார்கள். ஆகவே, கூப்பிட்டும் திரும்பிவராத டெரியரைத் திமிர் பிடித்தது என்று திட்டிப் பயனில்லை.

நம்மூர்க் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டதைத் துரத்துபவை. முயல் கண்ணிலிருந்து மறைந்தால் அவற்றின் வேகம் தணியும். டெரியருக்கோ, மறைந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வரப்போர எலி வளையருகே அதைக் கவனித்துப் பாருங்கள். தலையைச் சாய்த்துக் காதைக் கூர்மையாக்கும். ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். அடுத்த நொடி மண் பறக்கும். அந்த அசையாத ஓரிரு நொடிகளில் கூப்பிட்டால் திரும்பக்கூடும். பாய்ந்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

அங்கே யார் யார் இருக்கிறார்கள்?

கடலை பிடுங்கிய மேட்டாங்காடு நம் கண்ணுக்கு வெறும் நிலம். நாயின் மூக்குக்கு அங்கே முயல், கௌதாரி, கீரி, உடும்பு, மயில், பெருச்சாளி எல்லாம் உண்டு. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விலங்கைக் கொல்வது மட்டும் வேட்டையல்ல, விரட்டுவதும் வேட்டைதான். 'நாய்தானே துரத்தியது' என்பது நல்ல சமாதானமாகாது.

பொங்கலுக்குப் பிந்தைய மாதங்களில் வங்கா நரி வளைக்குள் குட்டிகளோடு இருக்கும். மகாராஷ்டிரத்தின் நன்னஜ் புல்வெளியில் ஆய்வாளர் அபி தமீம் வனக் குழுவினர் நடத்திய சோதனையில், அருகில் நாய் இருந்தாலே நரிகள் இரை தின்னும் நேரம் குறைவது தெரியவந்தது. கடிக்கக்கூட வேண்டாம், நாய் அங்கே நின்றாலே போதும். தடுப்பூசி போடாத நாயென்றால் வெறிநோயும் டிஸ்டெம்பரும் நரிக்குத் தொற்றும் அபாயம் வேறு.

நாய்க்கும் ஆபத்து குறைவில்லை. பாறையைக் குடைந்து வெட்டிய, சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் சேலம் வட்டாரத்தில் ஏராளம். எலி வளைக்குள் நாகமோ கண்ணாடிவிரியனோ இருக்கலாம். கடிபட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று, ஆட்டுப்பட்டி. மேச்சேரி ஆடுகள் மேயும் சீமை இது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் நாய்கள் கடித்து ஆடுகள் செத்ததற்கு நிவாரணம் கேட்டு விவசாயிகள் 2025இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பெல்ட் போட்ட நாய் என்பதற்காகப் பட்டிக்காரர் பொறுத்துப்போக மாட்டார்.

பிறகு எப்படித்தான் ஓடவிடுவது?

வேலி போட்ட தோட்டம் கிடைத்தால் முழுதாக அவிழ்க்கலாம். ஆனால் கிளுவை வேலி ஆட்டைத்தான் நிறுத்தும். டெரியர் அடியில் தோண்டிப் போய்விடும். கம்பிவலையின் அடிப்பகுதியை ஒரு அடி ஆழமாவது மண்ணில் புதைத்திருக்க வேண்டும்.

திறந்த வெளியென்றால் 10 மீட்டர் நீளக் கயிறு போதும். அதைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். பாயும்போது கழுத்து இழுபடாது. விசிலுக்குத் திரும்பிவரும் பழக்கத்தை வீட்டுக்குள், மொட்டை மாடியில், பிறகு தோட்டத்தில் என்று படிப்படியாக ஏற்படுத்துங்கள். வரும்போதெல்லாம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு துண்டு கறி கொடுங்கள். விடியலிலும் அந்தியிலும் முயலும் நரியும் நடமாடும். அந்த நேரத்தைத் தவிருங்கள்.

தோண்டும் ஆசையை அடக்கவே முடியாது, இடம் மாற்றிவிடலாம். கொல்லையில் ஒரு மணல் குழி வெட்டி, அதில் எலும்பைப் புதைத்துவையுங்கள். அதை மோப்பம் பிடித்துத் தேடுவதிலேயே நாய்க்கு நல்ல களைப்பு கிடைத்துவிடும். ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலைதான் இந்த நாய்க்கு அதிகம் தேவை. அதைக் கொடுக்கத் தெரிந்தவருக்குச் சங்கிலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பது பெரிய கேள்வியாக இருக்காது.