சின்னக் காருக்குச் சீர்வரிசை ஏன்?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். நிறமாலைக் கணக்கு ஒன்றோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விடுதியின் ஜன்னல்கள் அதிரும்படி ஒரு முழக்கம் எழுந்தது. மழை வரப்போகிறதோ என்று எட்டிப் பார்த்தால், நமது சங்கத்து நண்பர் ஒருவரின் பழைய மாருதி 800! சைலன்ஸரின் வயிற்றிலிருந்த தடுப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த வெற்றிக் களிப்பில் விடுதியை மூன்று முறை வலம் வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் உணவுக்கூடத்தில் அவரைச் சும்மா விடுவார்களா? "வண்டியின் விலையைவிட அதற்குச் செய்த சீர்வரிசை அதிகமாயிருக்கிறதே! அந்தப் பணத்துக்கு இன்னொரு காரே வாங்கியிருக்கலாமே!" என்றார் ஒருவர்.

"வாங்கியிருக்கலாம். ஆனால் அது என் காராக இருக்காதே!" என்றார் நண்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு; பின்னால் சொல்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் யாருக்காகச் செய்யப்படுகிறது? சராசரி மனிதருக்காக. இந்தச் சராசரி மனிதர் எந்த ஊரிலும் குடியிருப்பதாகத் தெரியவில்லை. அவருக்கு நடுத்தர உயரம், நடுத்தரக் கால்கள், நடுத்தர அவசரம். அதிலும் சின்னக் கார் என்றால் கட்டுப்பாடுகள் அதிகம். விலை ஏறக் கூடாது; பெட்ரோல் அதிகம் குடிக்கக் கூடாது; எந்தக் குண்டு குழியிலும் ஓடவேண்டும்; யார் ஓட்டினாலும் தாங்கவேண்டும். ஆகவே பொறியியலாளர்கள் யந்திரத்தின் வலிமை முழுவதையும் வெளியே விடுவதில்லை. கொஞ்சத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்கத்தான் ஆசைக்காரர்கள் ஸ்பானரைத் தூக்குகிறார்கள்.

இங்கிலாந்தின் 'மினி' இதற்குச் சிறந்த சான்று. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சிக்கனமான கார் வேண்டும் என்று அலெக் இசிகோனிஸ் வரைந்த வண்டி 1959-இல் வெளிவந்தது. யந்திரம் 848 கன சென்டிமீட்டர். 34 குதிரைத் திறன். குடும்பத்தோடு கடைக்குப் போய்வர வேண்டிய வண்டி! பந்தயக் கார் செய்துவந்த ஜான் கூப்பர் அதை வேறு கண்ணால் பார்த்தார். 1961-இல் யந்திரம் 997 கன சென்டிமீட்டராகவும், திறன் 55 குதிரையாகவும் வளர்ந்தன. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ பந்தயத்தில் பெரிய பெரிய கார்களைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது இந்தப் பொடியன்தான். (1966-இலும் முதலில் வந்தது; முகப்பு விளக்கு விதிப்படி இல்லையென்று விலக்கிவிட்டார்கள். மாற்றுவோருக்கும் விதிகளுக்கும் உள்ள பகை பழையது!)

சின்னக் காரின் இரகசியம் அதன் எடையில் இருக்கிறது. மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 37 குதிரைத் திறன், எடை சுமார் 650 கிலோ. இதிலிருந்து 50 கிலோவைக் குறைத்தால், யந்திரத்தைத் தொடாமலே மூன்று குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டியதற்குச் சமம். ஒன்றரை டன் காரில் அதே 50 கிலோவைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. கைப்பணம் குறைந்த இளைஞன் சின்னக் காரை நாடுவதில் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது.

1983 முதல் 2014 வரை உற்பத்தியான இந்த வண்டியை அறியாத மிஸ்திரி நம் நாட்டில் இல்லை. அதன் யந்திரத்தைக் கழற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பொருத்தலாம் என்று கண்டவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். அப்படிப் பிறந்த 'ஃபார்முலா மாருதி' பந்தயத்தில்தான் நரேன் கார்த்திகேயன் தம் ஓட்டத்தைத் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் இறங்கிய முதல் இந்தியர் அவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையின் பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லா மாற்றமும் இப்படிப் புகழ் பெறுவதில்லை. நம் நண்பர் செய்ததையே பாருங்கள். தடுப்பை எடுத்ததால் அவருக்குக் கிடைத்த வேகம் அற்பம், ஓசைதான் அபாரம். வண்டி தாழ்ந்து நிற்கவேண்டுமென்று சுருள்வில்லை வெட்டுகிறார்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் வில்லின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பள்ளத்தில் விழும்போது முதுகெலும்பு அந்தக் கணக்கைச் சரியாகச் சொல்லும். 12 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 13 அங்குலம் மாட்டுகிறார்கள். டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஏழு கூடினால், வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 53-க்கு மேல் ஓடும். காவலர் நிறுத்தும்போது வேகமானியைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை.

இனி, நான் சிரிக்காத காரணம். எங்கள் குடும்பம் தஞ்சைப் பக்கத்திலிருந்து வடக்கே ஓர் எஃகு நகரத்தில் குடியேறியது. அப்பாவுக்கு இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பியது. மூன்று மிதிகளில் கிளட்ச் இடக்காலுக்கு உரியது. ஆகவே சொந்தமாகப் பழைய மாருதி ஒன்று வாங்கியும், அப்பா இடப்பக்க இருக்கையில்தான் அமர்ந்திருப்பார். ஓட்டுவதற்கு மாமா வரவேண்டும். அல்லது பக்கத்து வீட்டாரைக் கெஞ்ச வேண்டும். ஆலையில் நூறு பேரை மேய்த்தவர், ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போக இன்னொருவரின் ஓய்வுக்காகக் காத்திருப்பார்.

தெருக்கோடி மிஸ்திரி ஒருவர், "கிளட்சைக் கைக்குக் கொண்டுவந்தால் என்ன?" என்றார். கியரை மாற்றும் இடக்கையே கிளட்சையும் பிடிக்கவேண்டும். வலக்கை ஸ்டியரிங்கை விடலாகாது. எனவே கைப்பிடியைக் கியர்த் தண்டிலேயே பொருத்தி, கீழே ஒரு நெம்புகோல் வைத்து, கம்பியால் இணைத்தார். காலின் வலு கைக்கு ஏது? நெம்புகோலின் கரத்தை நீட்டினார். விசை குறைந்தது, இழுக்கும் தூரம் கூடியது. ஆர்க்கிமிடீஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். முதல் கம்பி இரண்டே வாரத்தில் அறுந்தது. தடித்த கம்பி போட்டார். பத்து நாள் பயிற்சிக்குப் பின், ஒரு மழை நாள் மாலையில், என் பள்ளி வாசலில் அப்பா தனியாக வந்து ஹாரன் அடித்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பழக்க தோஷத்தால் பின் இருக்கைக் கதவைத் திறந்தேன். "முன்னால் வாடா" என்றார்.

2021-இல் அந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. அலுவலகத்தில் ஒருவர் கைப்பிடியைக் கண்டதும், "இது கம்பெனி வைத்ததா? கழற்றிவிட்டு வாருங்கள்" என்று கூறிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று, கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அது. அதே பிரிவு மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ப வண்டியை மாற்றவும், அதைப் பதிவுச் சான்றில் குறிக்கவும் இடம் தருகிறது. நாங்கள் செய்யாமல் விட்டது அந்தக் குறிப்பைத்தான். ஐந்து முறை நடந்தோம். அதாவது, மாமா ஓட்ட, அப்பா மறுபடியும் இடப்பக்கம் அமர்ந்து போனோம். ஆய்வாளர் கடைசியில் ஓட்டிக்காட்டச் சொன்னார். அப்பா ஓட்டிக்காட்டினார். குறிப்பு ஏறியது.

சைலன்ஸர் நண்பரும் என் அப்பாவும் சட்டத்தின் ஒரே பிரிவுக்குள் நிற்கிறார்கள். நண்பரின் ஓசைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அடுத்த முறை பரீட்சைக் காலத்தில் வலம் வந்தால் நானே புகார் எழுதுவேன். ஆனால் "என் கார்" என்று அவர் சொன்னபோது, அந்தச் சொல் எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

தீபாவளிக்கு வீடு சென்றபோது, கைக் கிளட்சில் நானும் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நாற்சந்தியில் மூன்று முறை யந்திரம் அணைந்தது. பின்னால் லாரிக்காரர் கத்தினார். அப்பா கதவைத் திறந்து இறங்கி, மெதுவாகச் சுற்றி வந்து, என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னார்.