மகள் விளையாட, அம்மா பை சுமக்க...

"கோல்ஃபா? அது பெரிய பணக்காரங்க விளையாட்டாச்சே! நமக்கு எதுக்கும்மா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஒரு பெண் குழந்தையின் ஆசைக்காக அப்பாவும் அம்மாவும் எவ்வளவு தூரம் நடக்கலாம்? பெங்களூரில் ஒரு அப்பாவும் அம்மாவும் நிஜமாகவே மைல் கணக்கில் நடந்தார்கள், தோளில் கனமான பையோடு!

அந்தப் பெண் அதிதி அசோக். 1998 மார்ச் 29ஆம் தேதி பெங்களூரில் பிறந்தவர். வீட்டில் யாருக்கும் கோல்ஃப் தெரியாது. கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் தெரிகிற ஒரு ஓட்டலுக்கு குடும்பத்தோடு காலைப் பலகாரம் சாப்பிடப் போவார்கள். எதிரே ஆட்கள் பந்தை விளாசிப் பழகுவதைக் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும். 'உள்ளே போய்த்தான் பார்ப்போமே' என்று ஒரு நாள் எல்லோருமாகப் போனார்கள். அப்போது அதிதிக்கு வயது 5. அன்று பிடித்த மட்டையை அவள் விடவேயில்லை.

ஆட்டத்தின் கணக்கு ரொம்பச் சுலபம். பரந்த புல்வெளியில் 18 குழிகள். சின்ன வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழவைக்க வேண்டும். மொத்தத்தில் யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே ஜெயம். மாசக் கடைசியில் நாம் எண்ணி எண்ணிச் செலவு செய்கிறோமே, அந்த மாதிரி சிக்கனம் வேண்டும்!

2013இல் ஆசிய இளைஞர் விளையாட்டு, 2014இல் இளைஞர் ஒலிம்பிக்கும் ஆசிய விளையாட்டும் என்று பள்ளிப் பருவத்திலேயே அதிதி இந்தியாவுக்காக ஆடினார். 2015 டிசம்பரில், ஐரோப்பியப் பெண்கள் சுற்றுப் போட்டிகளில் சேருவதற்கான தேர்வு மொராக்கோவில் நடந்தது. அதில் 17 வயது அதிதிக்கு முதலிடம்! இந்தியர் ஒருவர் அதில் முதலாவதாக வந்தது அதுவே முதல் தடவை. 2016 ஜனவரியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதே வருஷம் பள்ளிப் படிப்பையும் முடித்தார்.

அந்த ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக். 1900க்குப் பிறகு பெண்கள் கோல்ஃப் மறுபடி ஒலிம்பிக்கில் இடம் பெற்றது அப்போதுதான். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, காற்றையும் தூரத்தையும் பார்த்து யோசனை சொல்லி, கூடவே நடப்பவருக்குக் 'கேடி' என்று பெயர். (சிரிக்காதீர்கள்! நம்ம ஊர் கேடி வேறே, இது வேறே!) அதிதிக்குக் கேடியாக நின்றவர் அவருடைய அப்பா.

முதல் நாள் 68 அடி, மறுநாளும் 68. உலகமே 'யார் இந்தப் பெண்?' என்று கேட்டது. ஆனால் மூன்றாம் நாள் 79! கடைசி நாள் 76. முடிவில் 41ஆவது இடம்தான் கிடைத்தது. உச்சியில் இருந்து இப்படிச் சரிந்தால் 18 வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதிதி துவண்டுவிடவில்லை. மூன்றே மாதத்தில், நவம்பரில், குர்காவ்னில் நடந்த இந்திய ஓபன் பட்டத்தை ஒரே அடி வித்தியாசத்தில் வென்றார். ஐரோப்பியச் சுற்றில் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே! இரண்டு வாரத்தில் கத்தாரிலும் ஜெயம். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் தேடி வந்தது. 2017இல் அமெரிக்கச் சுற்றில் ஆடத் தொடங்கினார்.

பிறகு 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக். ரியோவில் அப்பா பை சுமந்தார் அல்லவா? இந்த முறை அம்மாவின் முறை! அந்த வருஷம்தான் அதிதிக்குக் கொரோனா வந்து உடம்பு தளர்ந்திருந்தது. பந்து முன்போலத் தூரம் போகவில்லை. உலக வரிசையிலோ 200ஆவது இடம். ஆனாலும் ஜப்பானின் கடும் வெயிலில் அம்மாவும் பெண்ணும் நான்கு நாள் நடந்தார்கள். கடைசி நாள் காலையில், கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட டி.வி. முன்னால் கூட்டம். ஒரே ஒரு அடியில் வெண்கலப் பதக்கம் கைநழுவி, நான்காம் இடம் கிடைத்தது. 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

கோல்ஃப் செலவு பிடிக்கும் விளையாட்டு. எல்லோர் வீட்டிலும் முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பெற்றோர் செய்த ஒரு காரியத்துக்குக் காசு வேண்டியதில்லை. தமக்குத் தெரியாத ஒன்றை, குழந்தைக்குப் பிடித்திருக்கிறதே என்று தாங்களும் கூடவே இருந்து கற்றுக்கொண்டார்கள். 68 அடித்த நாளிலும் 79 அடித்த நாளிலும் ஒரே மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார்கள்.

உங்கள் பெண் பாட்டு, பரதம், செஸ், கபடி என்று எதிலாவது ஆசைப்பட்டு, ஒரு நாள் தோற்று முகம் வாடி வருவாள். "நான் அப்பவே சொன்னேனே!" என்று ஆரம்பிக்காதீர்கள். சூடாக ஒரு டம்ளர் பால் கொடுத்து, "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்? நானும் வரேன்" என்று சொல்லிப் பாருங்களேன்!