படைக்கல விற்பனையும் மனித உரிமையும்

ஓர் அரசு தன் குடிகளைக் காக்கும்பொருட்டுப் படைக்கலம் கொள்ளுதல் யாவரும் உடன்பட்டதொன்று. அப்படைக்கலம் அக்குடிகளின்மீதே திரும்புமாயின், அதனை விற்ற நாட்டுக்கும் அப்பழியிற் பங்குண்டோ என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இதனைப் பொதுப்படப் பேசுவதினும் தென்னாபிரிக்க வரலாற்றில் வைத்து நோக்குதல் தெளிவு தரும்.

1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், ஷார்ப்வில் என்னும் ஊரிலே, ஆபிரிக்க மக்கள் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பொலிஸ் நிலையத்தின்முன் கூடினர். பொலிசார் சுட்டனர். மாண்டோர் 69 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. அவருட் பலர் முதுகிற் குண்டுபட்டவர். அன்று அங்கு நின்ற 'சரசன்' கவச வண்டிகள் பிரித்தானியாவிற் செய்யப்பட்டவை. ஏப்ரில் 1ஆம் நாள், இனவொதுக்கலைக் கைவிடுமாறு பாதுகாப்புச் சபை கேட்டது. அப்போது அதன் உறுப்பினராயிருந்த இலங்கை ஆதரித்து வாக்களித்தது. பிரித்தானியாவும் பிரான்சும் வாக்களியாது ஒதுங்கின. படைக்கலம் பற்றி அத்தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை.

1963 ஆகஸ்டிலேதான் ஆயுத விற்பனையை நிறுத்துமாறு சபை வேண்டியது. அதுவும் வேண்டுகோளேயன்றிக் கட்டளையன்று. முன்னர் ஒதுங்கிய இரு நாடுகளும் மறுபடியும் ஒதுங்கின. புறப்பகையைத் தடுக்கும் கருவி வேறு, உள்நாட்டாரை ஒடுக்கும் கருவி வேறு என்பது அவற்றின் வாதம். 1964இல் வில்சன் அரசாங்கம் புதிய விற்பனையைத் தடுத்ததாயினும், முன்னரே ஒப்பந்தமான 16 'புக்கனீர்' விமானங்களை அனுப்பிற்று. ஹீத் அரசாங்கமோ கடல்வழிப் பாதுகாப்பைக் காட்டி விற்பனையைத் தொடர முனைந்தமையால், 1971இற் சிங்கப்பூரிற் கூடிய பொதுநலவாய மாநாடு பெரும் பூசற்களமாயிற்று. புறம், அகம் என்னும் இப்பாகுபாடு கேட்பதற்கு நயமானது, நடைமுறையிலோ நில்லாது. கடற்படைக்கு வேண்டியவை பிறநாட்டிலிருந்து எளிதில் வருமாயின், அரசு தன் பொருளையும் ஆளையும் பொலிசுக்குத் திருப்பலாம். வான்வழி வேவுபார்க்கும் ஹெலிகொப்டருக்குக் கடலும் சேரியும் ஒன்றே. விற்பனை, வாங்குவோனுக்கு மதிப்பையும் உடன் அளிக்கிறது.

1976இற் சொவெற்றோ மாணவர் சுடப்பட்டனர். 1977 செப்டம்பரில் ஸ்டீவ் பீக்கோ சிறைக்காவலில் இறந்தார். அதன் பின்னரே, அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள், 418ஆம் தீர்மானம் கட்டாயத் தடையை விதித்தது. ஷார்ப்விலுக்குப் பின் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன! உறுப்புநாடொன்றின்மீது இத்தகைய தடை விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

“நாம் விற்காவிடிற் பிறர் விற்பர், அன்றேல் அவர் தாமே செய்வர்” என்பார் உளர். இது தள்ளிவிடத்தக்க கூற்றன்று. 1968இற் தோன்றிய 'ஆம்ஸ்கோர்' நிறுவனம் வளர்ந்து, பீரங்கிகளைப் பிறநாடுகளுக்கே விற்கும் நிலையெய்தியது. ஆயினும் அவ்வளர்ச்சி தடையினால் மட்டும் வந்ததன்று. பிரெஞ்சுக் கவச வண்டியையும் 'மிராஜ்' விமானத்தையும் உள்நாட்டிற் செய்ய உரிமம் பெற்றிருந்தமையும் அதற்கு வித்தாயிற்று. தடை பிந்தியதன் பயன் அது.

1994 மே மாதம், தேர்தலின் பின், அத்தடை நீங்கியது. 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக உடன்படிக்கை, மானிட குலத்துக்கெதிரான குற்றங்களுக்குப் பயன்படுமென அறிந்து ஆயுதம் அனுப்புதலை விலக்குகிறது. ஏனைய மனித உரிமை மீறல்களுக்குப் பயன்படும் அபாயத்தை முன்கூட்டி மதிப்பிடவும் பணிக்கிறது. அம்மதிப்பீட்டைச் செய்வது விற்கும் நாடே.